நாற்பது வயதில் ஒரு நேரசூசி

மருந்தாளர் பரீட்சையில் நான் இரண்டு தடவை தவறியிருக்கிறேன். இதை இப்போது யாரிடமும் கூசாமல் சொல்வேன். அப்போது சொல்ல முடியவில்லை. நெல்லியடிச் சந்தைப் பக்கம் இருக்கும் ஒரு பாமசியில் பன்னிரண்டு வருடம் உதவியாளராக நின்றவள் நான். எந்த மருந்து எந்த றாக்கையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எந்த டொக்டரின் கையெழுத்தையும் தடக்குப்படாமல் வாசிப்பேன். ஆனாலும் பதிவு பெற்ற மருந்தாளர் கடையில் இல்லாத வேளையில், மருந்துச் சிட்டையோடு வருபவருக்கு ஒரு குளிசை எடுத்துக் கொடுக்கவும் எனக்கு உரிமை இல்லை. அவர் ஒரு கலியாண வீட்டுக்குப் போனால், நான் சோப்பும் பால்மாவும் விற்றுக்கொண்டு நிற்பேன்.

முதல் தடவை பரீட்சைக்கு விண்ணப்பித்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல், கலியாணம் கட்டி, இரண்டு பிள்ளைகள் பெற்று, அதற்குப் பிறகு கடையிலேயே பயிற்சியை முடித்திருந்தேன். எப்படிப் படிப்பது என்று கைத்தொலைபேசியில் தேடினேன். ஒரு வீடியோவில் ஒரு இளந்தாரி வந்து, விடிய நான்கு மணிக்கு எழும்ப வேண்டும், மூளை அப்போதுதான் புதிதாக இருக்கும் என்றான். நான் நம்பினேன். மகளின் நிறப்பேனைகளை வாங்கி ஒரு பெரிய மட்டையில் நேரசூசி கீறினேன். காலை நான்கிலிருந்து ஆறு வரை பச்சை. இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை நீலம். குசினிச் சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். பாதிப் படிப்பு முடிந்ததுபோல ஒரு திருப்தி.

அந்த இளந்தாரிக்குக் கடற்றொழில் செய்கிற புருஷன் இல்லை. எங்கள் வீடு பருத்தித்துறைக்குக் கிழக்கே கரையோரத்தில் இருக்கிறது. என்னவர் பின்னேரம் மூன்று மணிக்குக் கடலுக்குப் போனால் விடியத்தான் கரைக்கு வருவார். அவர் வருகிற நேரம் தேத்தண்ணி கொதிக்க வேண்டும், வெந்நீர் வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாடு கட்ட வேண்டும். பச்சை நிறம் மூன்றாம் நாளே செத்துவிட்டது. நீலம் ஐந்து நாள் உயிரோடு இருந்தது. ஆறாம் நாள் புத்தகத்தின் மேல் முகம் வைத்து நித்திரையாகிப்போனேன். விடிய எழும்பினபோது கன்னத்தில் ஒரு அட்டவணையின் கோடுகள் பதிந்திருந்தன. அந்த முறை எல்லாப் பாடத்திலும் தவறினேன்.

இரண்டாம் தடவை வேறு மாதிரி யோசித்தேன். பரீட்சைக்கு முதல் ஒரு மாதம் லீவு எடுத்து வீட்டிலிருந்து படிப்பது என்று முடிவு செய்தேன். அதைவிட மோசமான திட்டம் இல்லை. நான் வீட்டில் நிற்கிறேன் என்ற செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது. "வீட்டிலதானே நிக்கிறாய், ஒருக்கா வங்கிக்குப் போட்டு வா." "வீட்டிலதானே நிக்கிறாய், சின்னவளுக்குக் காய்ச்சல், பாத்துக்கொள்." மச்சாள் வீட்டுப் பூப்புனிதச் சடங்குக்குப் பலகாரம் சுட்டது நான்தான். முப்பது நாளில் ஒழுங்காகப் படித்தது ஏழெட்டு நாள் இருக்கும். பரீட்சைக்குக் கொழும்புக்குப் போகும்போதே இந்த முறையும் தவறுவேன் என்று தெரிந்துவிட்டது.

செய்முறைப் பரீட்சையில் எண்ணெயையும் தண்ணீரையும் கோந்து சேர்த்து அரைத்து, பால் போன்ற ஒரு குழம்பு மருந்து செய்யச் சொன்னார்கள். நான் அரைத்தேன், அரைத்தேன். எண்ணெய் தன் பாட்டில் மேலே மிதந்தது. பக்கத்து மேசையில் தலையை மூடி முக்காடு போட்ட ஒரு பெண். அவளுடைய கல்லுரலிலும் எண்ணெய் மிதந்தது. அவள் என்னுடையதைப் பார்த்தாள், நான் அவளுடையதைப் பார்த்தேன். சிரிக்கக் கூடாத இடத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த நாள் காலை ஊருக்குத் திரும்புகிற ரெயிலில் பார்த்தால் அவள் எனக்கு முன் கதிரையில் இருக்கிறாள். யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு பாமசியில் வேலை. என்னைவிட ஒன்பது வயது இளையவள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறில் குடும்பம் இடம்பெயர்ந்து போனது. அவள் பிறந்ததே புத்தளத்தில். பதின்மூன்று வருடத்துக்கு முதல் தகப்பனின் பழைய வளவுக்குத் திரும்பி வந்து, பாதி வீடு கட்டி, அதில்தான் தாயோடும் புருஷனோடும் மூன்று வயது மகளோடும் இருக்கிறாள். அவளுக்கும் அது இரண்டாம் தடவை.

அனுராதபுரம் தாண்டும்வரை இரண்டு பேரும் எங்கள் எங்கள் மருந்துக்கடைகளைக் குறை சொல்லிக்கொண்டு வந்தோம். அதற்குப் பிறகு அவள் திடீரென்று சொன்னாள்.

"அக்கா, எங்களுக்கு மூளை இல்லாமலில்லை. நேரம்தான் இல்லை."

"எனக்கும் அப்பிடித்தான் தங்கச்சி. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்கூட மிஞ்சாது."

"உண்மையாவோ? எண்ணிப் பாத்தனீங்களோ?"

எண்ணிப் பார்க்கவில்லை. நேரம் இல்லை என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். ஒரு தடவைகூடக் கணக்கெடுத்தது கிடையாது.

அவள் தன் பைக்குள்ளிருந்து இரண்டு சின்னக் கொப்பிகள் எடுத்தாள். மகளுக்குப் படம் கீற வாங்கினவை. ஒன்றை என்னிடம் நீட்டினாள். "ஒரு கிழமைக்கு ஒண்டும் படிக்க வேண்டாம். நேரசூசி ஒண்டும் போட வேண்டாம். ஒவ்வொரு அரை மணித்தியாலமும் என்ன செய்யிறம் எண்டு மட்டும் எழுதுவம். பொய் எழுதக் கூடாது. பேந்து கதைப்பம்."

அந்தக் கிழமை எழுதினதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. கடையில் பகல் இரண்டு மணியிலிருந்து மூன்றேகால் வரை சந்தை அடங்கிவிடும், ஈ கலைத்துக்கொண்டு நிற்பேன். கிழமையில் மூன்று நாள், மகனின் ரியூசன் முடியும்வரை ஒவ்வொரு மணித்தியாலம் வாசலில் நின்று மற்றத் தாய்மாரோடு கதைப்பேன். கைத்தொலைபேசியில் யாருடையதோ பிறந்தநாள் கேக்கையும், வாங்கவே போகாத சேலைகளையும் பார்ப்பதில் ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம் போயிருந்தது. எல்லாம் துண்டு துண்டாகக் கிடந்ததால் நேரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் கிழமையின் கடைசி மூன்று நாளும் என்னவர் பின்னேரத்தில் வீட்டில் நின்றார். "ஏன் போகேல்லை?" என்று கேட்டேன்.

"நிலவு காலம்தானே. வெளிச்சத்தில வலை தெரியும், மீன் படாது. உனக்கு உது தெரியாதே?"

தெரியும். ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து இன்னொன்றில் வாழ்க்கைப்பட்டவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அதை என் படிப்போடு சேர்த்து நான் யோசித்ததில்லை. வளர்பிறையின் கடைசியிலும் பூரணையை ஒட்டியும் மாதத்தில் எட்டு, ஒன்பது பின்னேரம் அவர் வீட்டில் நிற்பார். மாரி பிறந்து கடல் கொந்தளித்தால் இன்னும் கூட நிற்பார். அந்த நாட்களில் குசினியை அவர் பார்த்தால் எனக்கு ஒரே இருப்பில் மூன்று மணித்தியாலம் கிடைக்கும். கலண்டரில் இருந்த பூரணை நாட்களை எல்லாம் சுற்றி வட்டம் போட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, கோயிலுக்கு விரதமோ?" என்றார்.

"இல்லை. நீங்கள் சமைக்கிற நாள்."

அவர் வட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு, "எனக்கு மீன்குழம்பும் சோறும்தான் வரும். அது சரியெண்டால் சரி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறி ரவுணுக்கு, அவள் வீட்டுக்குப் போனேன். மாடியில் பூச்சுப் பூசாத ஒரு அறை. யன்னலுக்குக் கதவு இல்லை, காற்று மட்டும் தாராளமாக வந்தது. நிலத்தில் பாய் போட்டு இரண்டு கொப்பியையும் விரித்தோம். அவளுக்குக் கிடைத்த நேரம் விடியற்காலைத் தொழுகைக்குப் பிறகு மகள் எழும்பும்வரை. எனக்குப் பச்சை நிறத்தில் செத்துப்போன அதே நேரம் அவளுக்கு நன்றாக ஒத்துவந்தது. அன்றுதான் ஒருவருடைய நேரசூசியை இன்னொருவர் பார்த்து எழுதக் கூடாது என்று எனக்கு விளங்கியது.

எந்த நேரத்துக்கு எந்தப் படிப்பு என்று பிரித்தோம். ரியூசன் வாசலுக்கு மருந்துப் பெயர்களும் வகைகளும், சின்ன மட்டைத் துண்டுகளில் எழுதி. கடையின் ஓய்ந்த நேரத்துக்குச் சட்டமும் கணக்கும். பெரிய பாடங்கள் எல்லாம் நிலவு நாட்களுக்கு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஞாயிறு அவள் வீட்டில் செய்முறை. பரீட்சைக்கு ஒன்பது மாதம் இருந்தது. அவள்தான் கடைசியில் சொன்னாள், வெள்ளிக்கிழமையில் ஒன்றுமே போட வேண்டாம் என்று.

"ஏன், உங்களுக்குத் தொழுகை எண்டோ?"

"அது வேறை. கிழமைக்குள்ள ஏதாவது குழம்பும்தானே அக்கா. பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஆக்கள் வருவினம். குழம்பினதைப் பிடிக்க ஒரு நாள் வெறுமையாக் கிடக்க வேணும். ஒண்டும் குழம்பேல்லையெண்டால் அண்டைக்கு நித்திரை கொள்ளுங்கோ."

என் பழைய நேரசூசிகளில் ஒரு சதுரம்கூட வெறுமையாக இருந்ததில்லை.

ரியூசன் வாசலில் முதல் கிழமை நல்ல பகிடி. ஸ்கூட்டரில் இருந்தபடி மட்டைகளைப் புரட்டுகிற என்னைப் பார்த்து ஒரு தாய், "என்ன, உள்ளுக்கை படிக்கிறது பிள்ளையோ, வெளியிலை படிக்கிறது பிள்ளையோ?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மூன்றாம் கிழமை அவளே வந்து ஒரு மட்டையைப் பறித்து, "இஞ்சை தாருங்கோ, நான் கேக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ," என்றாள்.

வீட்டில் கேள்வி கேட்கிற வேலையை என்னவர் எடுத்துக்கொண்டார். முற்றத்தில் இருந்து கிழிந்த வலை பொத்துவார், மட்டைகள் மடியில் இருக்கும். ஆங்கில மருந்துப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசிப்பார்.

"அற்... றோ... வஸ்... ரற்றின். உதென்னடியப்பா, கிரேக்கக் கப்பலின்ரை பேர் மாதிரிக் கிடக்கு?"

"கொலஸ்ரரோலுக்கு. தசைநோவு வந்தால் டொக்டரிட்டைச் சொல்ல வேணும்."

மட்டையைத் திருப்பிப் பார்ப்பார். "சரி." அடுத்த மட்டை. நான் பிழையாகச் சொன்னால் ஒன்றும் பேசாமல் அந்த மட்டையைத் தன் சேட்டுப் பைக்குள் வைப்பார். சாப்பிடும்போது திடீரென்று அதை வெளியே எடுப்பார். அந்தச் சேட்டுப் பைக்குப் பயந்தே நான் பல மருந்துகளைப் பாடமாக்கினேன்.

நான்காம் மாதம் ஒரு புதன்கிழமை. பகல் இரண்டரை மணி. மூட்டு வருத்தத்துக்குக் கொடுக்கிற மெதோற்றெக்சேற் என்ற குளிசையைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். கிழமைக்கு ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டிய மருந்து. அதை ஒவ்வொரு நாளும் எடுத்தால் இரத்தத்தையே அழித்துவிடும், ஆளையும் கொல்லும். அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அடுத்த நாள் பின்னேரம், விரல்கள் வளைந்துபோன ஒரு அம்மா மருந்துச் சிட்டையோடு வந்தார். எத்தனையோ தடவை வேறு மருந்துகளுக்கு வந்தவர். இந்த முறை அதே குளிசை. பக்கத்தில், தினமும் ஒன்று என்று தெளிவாக எழுதியிருந்தது.

ஒரு மாதத்துக்கு முதல் என்றால் நான் டொக்டரின் கையெழுத்தை நம்பி முப்பது குளிசையை எண்ணி வைத்திருப்பேன். அன்று என் கை றாக்கையடியில் நின்றுவிட்டது. உள்ளே போய் எங்கள் மருந்தாளரிடம் சிட்டையைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் வாசித்தார். "கிழமைக்கு ஒண்டு எண்டு எழுத வேண்டியதைப் பிழையா எழுதிப்போட்டார்," என்றார். தொலைபேசியை எடுத்து இலக்கத்தை அழுத்தி என்னிடமே தந்தார். "கண்டுபிடிச்சது நீர். நீரே கதையும்."

டொக்டரின் குரல் முதலில் அவசரமாக இருந்தது. "நான் எழுதினதைக் குடுங்கோவன், என்ன பிரச்சினை?"

"சேர், மெதோற்றெக்சேற் தினமும் எண்டு எழுதியிருக்கு. கிழமைக்கு ஒருக்காதானே சேர் குடுக்கிறது?"

இப்போது மெதுவாகக் கேட்டார். "குடுத்திட்டியளோ?"

"இல்லை சேர். குடுக்கேல்லை."

"கிழமைக்கு ஒண்டுதான். அந்தம்மாவை இப்பவே என்னட்டை அனுப்புங்கோ, புதுச் சிட்டை எழுதித் தாறன்." வைக்க முதல், "நன்றி, பிள்ளை," என்றார்.

அந்த அம்மாவுக்கு நடந்தது ஒன்றும் முழுதாக விளங்கவில்லை. "என்ன பிள்ளை, குளிசை முடிஞ்சுதோ?" என்று கேட்டார். நான் அவருடைய வளைந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, திரும்பவும் டொக்டரிடம் ஏன் போக வேண்டும் என்று ஆறுதலாகச் சொன்னேன். அதுவரை நான் பரீட்சைக்குப் படித்தது ஒரு சட்டம்போட்ட தாளுக்காக, கொஞ்சம் மரியாதைக்காக. அன்றைக்குப் பிறகு வேறு காரணம் கிடைத்தது.

மாரி வந்தது. எங்கள் திட்டப்படி கடல் கொந்தளிக்க வேண்டும், என்னவர் வீட்டில் நிற்க வேண்டும், நான் படிக்க வேண்டும். கடல் சொன்னபடி கொந்தளித்தது. ஆனால் மழையோடு டெங்கும் வந்தது. கடை வாசலில் காய்ச்சல்காரர் நிரை கட்டி நின்றார்கள். பகல் இரண்டு மணியின் ஓய்வு இல்லாமல் போனது. வீட்டுக்குப் போகும்போது உடம்பில் ஒரு எலும்பும் என் சொல் கேட்காது. மகனும் காய்ச்சலில் படுத்தான். நான்கு கிழமை நான் ஒரு பக்கமும் புரட்டவில்லை. வெள்ளிக்கிழமைகள் நிரம்பி வழிந்து, அதற்கு மேல் குழம்பினதைப் பிடிக்க இடமில்லை.

அவளுக்கு ஃபோன் எடுத்தேன். "தங்கச்சி, எனக்கு ஏலாது. நீங்கள் எழுதுங்கோ. நான் அடுத்த முறை பாக்கிறன்."

"சரி அக்கா, பேந்து கதைக்கிறன்," என்று வைத்துவிட்டாள். எனக்கு அது கொஞ்சம் நோகவும் செய்தது.

அடுத்த நாள் மத்தியானம், கொட்டுகிற மழையில், ஒரு கையில் குடையும் மற்றக் கையில் மகளுமாக அவள் எங்கள் கடை வாசலில் நின்றாள். மரமில்லாத வல்லைவெளியில் காற்று பஸ்ஸைத் தள்ளியிருக்கிறது, பாதி வழியில் நிறுத்தி நிறுத்தி வந்திருக்கிறார்கள். பிள்ளையின் சப்பாத்துக்குள் தண்ணீர். நான் ஓடிப்போய்த் துவாய் எடுத்து வந்தேன்.

"உந்த மழைக்குள்ள ஏன் தங்கச்சி பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வந்தனீங்கள்?"

"உங்கடை கொப்பியைத் தாங்கோ," என்றாள். வேறு பேச்சு இல்லை.

எங்கள் மருந்தாளர் நிரையைத் தான் பார்ப்பதாகச் சொல்லி எனக்கு அரை மணித்தியாலம் தந்தார். பின்பக்கக் களஞ்சிய அறையில் பெட்டிகளின் மேல் இருந்துகொண்டு, நான் இன்னும் படிக்காத பாடங்களின் பட்டியலை அவள் வாசித்தாள். பேனையை எடுத்து ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினாள்.

"காய்ச்சல் மருந்து. இந்த நாலு கிழமையும் என்ன செய்தனீங்கள்? அதுதானே. வெட்டு. பிள்ளையளுக்கு எடைக்கு ஏத்த அளவு கணக்குப் பாக்கிறது. ஒரு நாளைக்கு எத்தினை தரம் பாத்திருப்பியள்? வெட்டு. சேலைன், ஜீவனிக் கரைசல், வெட்டு. அக்கா, நீங்கள் படிக்கேல்லை எண்டு ஆர் சொன்னது? கடை முழுக்க நிண்டு படிச்சிருக்கிறியள்."

பட்டியல் பாதியாகக் குறைந்தது. மிஞ்சினதை விரலால் தொட்டு எண்ணினோம். இருக்கிற நாட்களுக்குள் அடங்கியது. நான் அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளை பால்மாப் பெட்டியின் மேல் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் ஒரு விற்றமின் சி இனிப்பைக் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்தேன்.

நோன்பு மாதம் வந்தபோது முறை மாறியது. பகல் முழுக்கப் பட்டினி, வேலை, பிள்ளை என்று அவள் தளர்ந்துபோனாள். இப்போது நான் ஞாயிறு தோறும் போனேன். அவள் பாயில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்க, நான் சட்டப் பாடத்தை உரத்து வாசித்தேன். நடுவில் நிறுத்தினால், "நித்திரை இல்லை, வாசியுங்கோ," என்று குரல் வரும். நோன்பு துறக்கிற நேரம் அவளுடைய உம்மா கஞ்சியும் பேரீச்சம்பழமும் கொண்டுவருவார். என்னவர் கொடுத்துவிட்ட விளைமீன் அந்த வீட்டுக் குசினியில் பொரிந்துகொண்டிருக்கும்.

எண்ணெய் மிதந்த அந்தக் குழம்பு மருந்தை நாங்கள் விடவில்லை. பழைய கல்லுரல் ஒன்று வாங்கினோம், கோந்துத் தூள், தேங்காயெண்ணெய். ஐந்து ஞாயிறு எண்ணெய் மிதந்தது. ஆறாம் தடவை அவள் உரலைக் கழுவிவிட்டு வெயிலில் காயவைக்க, எங்கே பிழை என்று கண்டுகொண்டோம். இவ்வளவு காலமும் ஈர உரலிலேயே தொடங்கியிருக்கிறோம். காய்ந்த உரலில் கோந்தையும் எண்ணெயையும் சேர்த்து, அளந்த தண்ணீரை ஒரேயடியாக ஊற்றி, நிறுத்தாமல் ஒரே பக்கமாக அரைத்தேன். கொஞ்ச நேரத்தில் உரலுக்குள் சடசடவென்று ஒரு சத்தம் எழும்பியது. புத்தகத்தில் அந்தச் சத்தத்தைப் பற்றி எழுதியிருந்தது, நாங்கள் கேட்டதில்லை. பார்த்தால் பால் மாதிரி வெள்ளை. அவள் கையைத் தட்டிக்கொண்டு கீழே ஓடி, உம்மாவைக் கூட்டிவந்து காட்டினாள். உம்மா உரலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கே இவ்வளவு நாளும்?" என்றார்.

பரீட்சைக்கு ஒரே ரெயிலில் போனோம். எழுத்துப் பரீட்சையில் கையெடுக்காமல் எழுதினேன். செய்முறையில் என் உரல் சத்தம் போட்டது. இரண்டு மேசை தள்ளி அவளுடைய உரலும் சத்தம் போட்டது. இந்த முறை நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வாய்மொழித் தேர்வுக்கு மூன்று பேர் முன்னால் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார். ஒருவர் சிட்டை இல்லாமல் வந்து, போன முறை குடித்த அதே அன்டிபயோட்டிக்கைக் கேட்டு, தராவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவேன் என்கிறார். என்ன செய்வீர்கள்?

புத்தகத்து விடை ஒரே வரி. நான் அதைச் சொன்னேன். பிறகு அவர் நிறுத்தச் சொல்லாததால் மிச்சத்தையும் சொன்னேன். அவரை முதலில் இருக்கச் சொல்வேன். என்ன வருத்தம் என்று கேட்பேன். போன முறை எத்தனை நாள் குடித்தார் என்று கேட்பேன், பாதியில் விட்டிருப்பார். ஏன் தரமாட்டேன் என்று அவருக்கு விளங்கும் பாஷையில் சொல்வேன். எந்த டொக்டர் இப்போது இருப்பார் என்று எழுதிக் கொடுப்பேன். கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனால், அந்தக் கடைக்கு ஃபோன் எடுத்து, ஒருவர் வருகிறார், கொடுக்க வேண்டாம் என்று சொல்வேன்.

கடைசி வசனத்துக்கு மூன்று பேரும் சிரித்தார்கள். "உண்மையில் செய்திருக்கிறீங்களோ?" என்று ஓரத்தில் இருந்த பெண்மணி கேட்டார்.

"ஓம் மடம். ரெண்டு தரம்."

முடிவு வந்த அன்று கடையில் நல்ல சனம். ஒருவருக்கு நீரிழிவு மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ எடுக்க வேண்டும் என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது, அவள். எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தது. "அவசரமாக்கும், எடுங்கோ பிள்ளை," என்று மருந்து வாங்க வந்தவரே சொன்னார்.

"அக்கா! ரெண்டு பேரும்! ரெண்டு பேரும்!" பின்னால் அவளுடைய உம்மாவின் குரல், பிள்ளையின் குரல், யாரோ கதவைத் தட்டுகிற சத்தம்.

நான் ஃபோனை மேசையில் வைத்தேன். முன்னால் நின்றவருக்கு மிச்சத்தையும் சொல்லி முடித்தேன், சாப்பிட்ட உடனே, தண்ணீரோடு, தவறவிட்டால் இரண்டு மடங்கு எடுக்கக் கூடாது என்று. அவர் பையை வாங்கிக்கொண்டு திரும்பினதும் களஞ்சிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வாய்க்குக் கையைப் பொத்திக்கொண்டு குதித்தேன். நாற்பது வயதில், பெட்டிகளுக்கு நடுவில், பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் குதித்தேன்.

என்னவருக்கு ஃபோனில் சொன்னபோது அவர் கரையில் நின்றார். மீன் ஏலம் கூறுகிற நேரம். பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் நடந்ததை அறிந்தேன். ஏலக்காரரின் கையைப் பிடித்து நிறுத்தி, "ஒரு நிமிஷம் பொறு, என்ரை மனிசி பாஸ்," என்று முழுக் கரைக்கும் கேட்கக் கத்தியிருக்கிறார். "என்ன, டொக்டரோ?" என்று ஒருவர் கேட்க, "டொக்டருக்கும் சனத்துக்கும் நடுவில நிக்கிற ஆள்," என்றாராம். அந்த விளக்கத்தை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பதிவு கைக்கு வர இன்னும் சில மாதம் எடுத்தது. அதற்குள் எங்கள் கடைக்காரர் பண்டத்தரிப்பில் ஒரு கிளை திறக்க முடிவு செய்திருந்தார். அதற்கு மருந்தாளராக என்னைப் போட்டார். திறந்த முதல் நாள் காலை, வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றேன். புதுக் கோட்டின் மடிப்பு கழுத்தில் உரசியது. புகையிலைத் தோட்டத்தில் இருந்து நேரே வந்தவர் போல, காலில் செம்மண்ணோடு ஒரு பெரியவர் படியேறினார். மடித்த சிட்டையைக் கையில் பிடித்தபடி என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மருந்தாளர் இன்னும் வரேல்லையோ, பிள்ளை?"

"நான்தான் ஐயா. இருங்கோ, சிட்டையைத் தாங்கோ."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு வசதியாக இருந்துகொண்டு, தன் வருத்தங்களை முதலாவதிலிருந்து சொல்லத் தொடங்கினார்.